வேலைக்குப் போன பூட்டு

பூட்டிய வீட்டைக் கண்டால் அக்கா குடையை மடக்கிவிடுவார். ஜீப்பில் இருக்கும் எங்களுக்கு அது போதும். மதியச் சாப்பாடு இனிச் சாயங்காலம்தான் என்று புரிந்துவிடும். குடையின் வளைந்த பிடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வாசலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். கல்லாக இருந்தாலும் சரி, கவிழ்த்துப் போட்ட தொட்டியாக இருந்தாலும் சரி, வெறும் தரையாக இருந்தாலும் சரி.

“வருவாங்கலே. வீடுன்னு ஒண்ணு இருந்தா வந்துதானே ஆகணும்” என்பார்.

அப்படி ஒன்றும் கட்டாயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு வரும் முன்பே நான் பல ஊர்களில் படுத்து எழுந்தவன். எந்த ஊரிலும் தலை எண்ண வந்தவர்கள் என்னை எண்ணியதில்லை. அவர்கள் வரும்போது நான் இருக்கமாட்டேன், நான் வரும்போது அவர்கள் போயிருப்பார்கள். அக்கா எண்ண வந்திருந்தால் ஒருவேளை அகப்பட்டிருப்பேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சிவகாசியில் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கினேன், கோவில்பட்டியில் ஓட்டல் மேசை துடைத்தேன், லாரியில் கிளீனராகப் பம்பாய் வரை போய் வந்தேன். ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியதோடு லாரி முதலாளிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஒர்க்ஷாப்பில் படுத்துக் கிடந்தேன். அங்கே ரிப்பேருக்கு வந்த சர்க்கார் ஜீப்பின் டிரைவர் மஞ்சள் காமாலையில் விழுந்துவிட, தற்காலிகமாக என்னை ஏற்றிக்கொண்டார்கள். ஜீப்பில் ஒரு இளம் டாக்டர், ஒரு ஐஸ் பெட்டி, நர்ஸ் அக்கா.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். அந்த மழைக்காலத்தில் கொசுக்கடியால் வரும் மூளைக்காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. காலையில் விளையாடிய பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும், மறுநாள் கழுத்து விறைக்கும், வலிப்பு வரும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சில பிள்ளைகள் முடிந்துவிடும். ஆனால் நாங்கள் நோயாளிகளைப் பார்க்கப் போகவில்லை. நன்றாக இருக்கிறவர்களைப் பார்க்கப் போனோம். ஊர்க்காரர்களுக்கு இதுதான் பிடிபடவில்லை. சீக்காளியை விட்டுவிட்டு, வரப்பு வெட்டிக்கொண்டிருப்பவனைக் கூப்பிட்டு ரத்தம் கேட்டால் எவன் தருவான்?

டாக்டர் ஆன்டிபாடி என்று ஆரம்பிப்பார். மதுரைக்காரர், நல்ல மனுஷர், ஆனால் வேகமாகப் பேசுவார். அவர் பேசி முடித்ததும் ஜனங்கள் அக்கா முகத்தைப் பார்ப்பார்கள். அக்கா புழுதியைக் காட்டுவார்.

“ராத்திரி பாம்பு போவுது. நீங்க பாக்கல. அது யாரையும் கடிக்கவும் இல்ல. ஆனா விடிஞ்சா புழுதியில தடம் கெடக்குல்லா? அதுமாதிரிதான். இந்தக் கிருமி நூத்துக்கணக்கான பேருக்குள்ள வந்து சத்தமில்லாமப் போயிரும். யாரோ ஒருத்தரைத்தான் கடிக்கும். ஆனா எல்லார் ரத்தத்துலயும் தடம் கெடக்கும். அந்தத் தடத்தை எண்ணத்தான் வந்திருக்கோம்.”

சங்கரன்கோவில் பக்கம் பாம்புக் கதை சொன்னால் கேட்காத ஆள் கிடையாது. சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

காலையில் ஐஸ் கம்பெனியில் பாளம் வாங்கி, உமி தூவிச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் வைப்பது என் வேலை. கண்ணாடி ஊசிகளை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்க வைப்பது அக்கா வேலை. தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். உதடு மட்டும் அசையும். ஒருநாள் பக்கத்தில் நின்றபோது கேட்டுவிட்டது. “ஆண்டவரே, இன்னைக்குச் சட்டுனு நரம்பு கெடைக்கணும்” என்று முடித்தார். பெரிய பெரிய விஷயங்களுக்கெல்லாம் ஜெபிப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒல்லிப் பிள்ளைகளுக்கு நரம்பு கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று தடவை குத்தணும்லே, அதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கு என்று கேட்டார்.

அப்போது அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, காலில் கான்வாஸ் செருப்பு. ஊர்களில் ஊசிக்காரம்மா என்பார்கள். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா சபைப் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தவர். சாயங்காலம் மணி அடித்ததும் அன்றைக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடப்பாராம். ஆஜர் சொன்ன பிள்ளைக்கு வாத்தியார் எதுக்கு, ஆஜர் சொல்லாதவனுக்குத்தானே வாத்தியார் என்பாராம். அக்கா அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் ஒரு பூட்டிய வீட்டு முன்னால் டாக்டர் கோபப்பட்ட அன்றைக்கு.

எங்கள் வேலையில் ஒரு முறை இருந்தது. ஊருக்குப் போனதும் துண்டுச் சீட்டில் வீட்டு எண்களை எழுதிக் குலுக்குவார்கள். விழுந்த வீடுகளில் இருக்கும் எல்லோருக்கும், கைப்பிள்ளை தவிர, ரத்தம் எடுக்க வேண்டும். விழுந்த வீடு பூட்டியிருந்தால் என்ன செய்வது? பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம், மேலே யாரும் கேட்கப்போவதில்லை என்பது டாக்டரின் கட்சி. சாயங்கால ரயிலுக்குள் ரத்தத்தைச் சேர்க்க வேண்டிய பொறுப்பு அவருக்கு.

“பக்கத்து வீட்டுல பாட்டியும் பேரனும் இருக்காங்க, சார். அதனாலதான் அது தெறந்திருக்கு” என்றார் அக்கா. “பூட்டிக்கெடக்க வீட்டுல இருக்கவன் வயல்ல நிக்கான். கொசு அங்கதானே கடிக்கி? வீட்டுல இருக்கவங்களை மட்டும் எண்ணுனா, வீட்டுல இருக்கவங்க ஊரைத்தான் எண்ணுனதாகும்.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரும் நிழலைத் தேடி உட்கார்ந்தார்.

இனிச் சொல்லப்போவது குருவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் நடந்தது. ஊருக்குள் போனதும் சாவடியில் ஒரு வரிசை நின்றது. எல்லாம் வாலிபப் பயல்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். இதற்கெல்லாம் ஏற்பாடு அந்த ஊர் டீக்கடை அண்ணாச்சி. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருக்கும், பேசும்போது மூச்சு விசிலடிக்கும். இழுப்பு நோய். ஆனால் ஊரில் எது என்றாலும் அவரைக் கேட்டுத்தான்.

ஊர் ரத்தத்தைப் பட்டணத்துக்கு அனுப்பிச் சோதிக்கிறார்கள் என்று தண்டோராவில் கேட்டதுமே அவர் இறங்கிவிட்டார். பக்கத்து ஊர் ரத்தத்தைவிட நம்ம ஊர் ரத்தம் மட்டமென்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காக ஊரிலேயே திடமான பயல்களாகப் பார்த்து நிறுத்தியிருந்தார்.

“எவன் கையை வேணும்னாலும் குத்துங்க தாயி. பீச்சியடிக்கும்” என்றார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, பயல்களின் கையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொடுத்து, வேலைக்குப் போகச் சொன்னார். சீட்டுக் குலுக்கியதில் டீக்கடைக்காரர் வீடே விழுந்தது. அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்னைய விட்ருங்க. இந்தச் சீக்குப் பிடிச்ச ரத்தத்தை அனுப்பி ஊர் மானத்தை வாங்கிராதீய. நான் இந்த ஊரைத் தாண்டி ஒரு எட்டு வச்சதில்ல. பஸ் புழுதி எனக்கு ஆவாது. என் கல்யாணத்துக்கே பொண்ணைக் கூட்டியாந்து இங்கன வச்சுத்தான் கட்டி வச்சாவ. நான் ஊர்க் கணக்குல வர்ற ஆளே இல்ல.”

“ஊரைத் தாண்டாத ஆள்தான் அண்ணாச்சி எனக்கு வேணும்” என்று சொல்லி அக்கா ஊசியை எடுத்தார். அவருக்கு நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்து விழுந்த வீடு தெருக்கடைசியில் இருந்தது. பூட்டு. வாசலில் நெருஞ்சி முளைத்திருந்தது. அதுவரை எங்களோடு கலகலப்பாக வந்த கூட்டம் தூரத்திலேயே நின்றுவிட்டது.

அந்த வீட்டை விட்டுவிடச் சொன்னார் அண்ணாச்சி. புரட்டாசியில் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்காசிப் பக்கம் அறுப்புக்குப் போனார்களாம். திரும்பி வந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல். நாலு வயசுப் பையன். போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஊரில் இன்னும் இரண்டு பிள்ளைகள் விழுந்தன, ஒன்று பிழைத்தது, ஒன்று இல்லை. நோயை அந்த வயல்காட்டிலிருந்து இவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அந்தப் பெண் தண்ணீர் எடுக்க வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். கடையில் சாமானைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்தார்கள். ஒருநாள் விடிந்தபோது வீடு பூட்டியிருந்தது.

இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிற நோய் இல்லை, பன்றியிலிருந்தும் கொக்கு நாரையிலிருந்தும் கொசு எடுத்து வருவது என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். கூட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் அவுக வந்த பொறவுதானே வந்துது என்று ஒரு பெண் சொன்னாள்.

அக்கா குடையை மடக்கினார்.

பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் சாணி தட்டுவதுபோல் குனிந்துகொண்டு, அந்த இருவரும் புளியங்குடியில் எலுமிச்சை மண்டிக்கு மூட்டை தூக்குவதாகக் கேள்வி என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் புளியங்குடி போயே ஆகவேண்டும் என்றார் அக்கா. ஒரு வீட்டுக்காக இத்தனை தூரமா என்று கேட்ட டாக்டர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். மண்டிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு இருந்தது. வாடகைக்கு ஒற்றை அறை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் குலுங்கும் என்று, வாசலிலேயே நிறுத்தச் சொன்னார் அக்கா. சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு ஜீப் நின்றது.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. மண்டியில் எலுமிச்சை பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தவளைக் கூட்டிவந்தார்கள். சாறு பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. வாசற்படியைத் தாண்டி உள்ளே வரச் சொல்லவில்லை.

“பிள்ளை கெடக்கும்போது வராத ஜீப்பு இப்ப எதுக்கு வருது?” என்றாள்.

அக்கா வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார்.

“உங்க ஊர்க் கணக்குல உங்க வீடு விழுந்திருக்கு. நீங்க இல்லாம எழுதினா அது பொய்க்கணக்கு, தாயி.”

“அந்த ஊருல எங்களைக் கணக்குல வச்சிருக்காவளா?”

“நான் வச்சிருக்கேன்.”

அவள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். புருஷனும் வந்து நீட்டினான். திரும்பும்போது அக்கா வழியெல்லாம் பாட்டு முனகிக்கொண்டு வந்தார். ஒரு பூட்டு திறந்தால் அவருக்கு அப்படித்தான்.

கொஞ்ச நாள் கழித்து நாங்கள் தங்கியிருந்த இடத்துக்கு அந்தப் புருஷன் வந்தான். டாக்டரைப் பார்க்க வேண்டாம், அந்த அம்மாவைத்தான் பார்க்க வேண்டும் என்றான். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஜீப்பின் பக்கவாட்டில் மூளைக்காய்ச்சல் ஆய்வு என்று எழுதியிருந்ததைச் சந்துப் பையன் ஒருவன் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறான். வாசித்தது வீட்டுக்காரம்மா காதில் விழுந்திருக்கிறது. அவள் மண்டியில் விசாரித்து, எந்த ஊர், எதற்காக வந்தார்கள், பிள்ளை எப்படிப் போனது என்று எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டாள். அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாள். மண்டியிலும் யாரும் அவன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை.

அவன் சத்தம் போடவில்லை. “நாங்க யாருக்கும் தெரியாம ஒரு மூலையில கெடந்தோம். நீங்க தேடி வந்து காட்டிக் குடுத்துட்டீய” என்றான். சொல்லிவிட்டு நின்றான். போகவும் இல்லை.

அக்கா அந்த மாதிரி நின்று நான் பார்த்ததில்லை. பூட்டிய வீட்டைத் தேடிப்போவது நல்லதா கெட்டதா என்று அதுவரை அவர் யோசித்ததே இல்லையென்று நினைக்கிறேன். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் பஸ் பிடித்துப் புளியங்குடி போனார், கூட நானும் போனேன். வீட்டுக்காரம்மாவிடம் இது ஒட்டுகிற நோய் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னார். அவள் கேட்டது ஒரே கேள்விதான். ஒட்டாத நோய் என்றால் அவர்களைத் தேடி இத்தனை தூரம் ஏன் வந்தீர்கள்? கடைசியில், தை பிறக்கும் வரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் இறங்கிவந்தாள். அதற்கு மேல் ஒருநாள்கூடக் கிடையாது.

அந்த இருவருக்கும் போக இடம் இல்லை. இருக்கிற ஒரு வீடும் நெருஞ்சி முளைத்துக் கிடந்தது.

அதிலிருந்து அக்கா தினமும் டாக்டரை நச்சரித்தார். ரத்தம் வடக்கே சோதனைக்கூடத்துக்குப் போயிருந்தது, முடிவு வரவேண்டும். மார்கழி பாதியில் டாக்டர் மதுரைக்குப் போய் அங்கே வந்திருந்த முடிவை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கரிசல் ஊரின் கணக்கைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தார் அக்கா. மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கிறது.

அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளில் கொஞ்சம் பேருக்குத்தான் தடம் இருந்தது. வாலிபர்களில் கூடுதல். வயசாளிகளில் பெரும்பாலும் எல்லோருக்கும்.

“ஏணிப்படி மாதிரி ஏறுது பாத்தியாலே? போன புரட்டாசியில புதுசா வந்ததுன்னா பெரியவன் சின்னவன் எல்லாரையும் ஒண்ணுபோலத்தானே தொட்டிருக்கும்? வயசு கூடக் கூடத் தடம் கூடுதுன்னா என்ன அர்த்தம்? வருஷா வருஷம் மழையோட வந்து போயிட்டுத்தான் இருந்திருக்கு. அந்தப் புள்ளை பொறக்கதுக்கு முந்தியே. அவ வாக்கப்பட்டு வர்றதுக்கு முந்தியே.”

இதை ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். டாக்டர் தயங்கினார். எண்ணுவதுதான் நம் வேலை, கணக்கு மேலே போகும், ஊருக்குச் சொல்லச் சொல்லி உத்தரவு இல்லை. அக்கா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, லீவு நாளில் யார் எங்கே போகிறார்கள் என்று தான் பார்ப்பதில்லை என்றார்.

லீவு நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

டீக்கடையில் நல்ல கூட்டம். அக்கா டீயைக் குடித்துவிட்டு, தேள் கடிக்கு மருந்து சொல்வதுபோல் சாதாரணமாக ஏணிப்படியைச் சொன்னார். சின்னதுகளுக்குக் கொஞ்சம், பெரியவர்களுக்கு நிறைய. கேட்டார்கள். தலையாட்டினார்கள். பேப்பர் பிரித்து வைத்திருந்த ஒருவர், எல்லாம் சரிதான் சிஸ்டர், ஆனாலும் அவுக வந்த பொறவுதானே என்று ஆரம்பித்தார்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி கையை நிறுத்தினார்.

“என் ரத்தத்துல?” என்றார்.

அதைத் தனியாகச் சொல்வதாக அக்கா எழுந்தார். ஒருவர் ரத்தத்தைப் பற்றி இன்னொருவர் முன்னால் அவர் பேசமாட்டார்.

“இங்கனயே சொல்லுங்க. எனக்கு ஒளிவுமறைவு என்ன?”

அக்கா திரும்ப உட்கார்ந்தார். “இருக்கு அண்ணாச்சி. நல்லாவே இருக்கு.”

அண்ணாச்சி டம்ளரைப் பலகையில் வைத்தார். அவருடைய மூச்சு விசிலடிப்பது கடை முழுக்கக் கேட்டது.

“நான் எங்க போனேன்?” என்றார். அக்காவிடம் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டார். “நான் எந்த அறுப்புக்குப் போனேன்? இந்தக் கடையை விட்டு நான் எங்கவே போனேன்?”

பேப்பர்க்காரர் பேப்பரை மடித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அண்ணாச்சி கவனிக்கவில்லை, ஒரு பையன்தான் ஓடிப்போய் இறக்கினான்.

அங்கிருந்து சங்கரன்கோவில் வந்து புளியங்குடி பஸ் ஏறினோம். அக்கா சந்தோஷமாக இருந்தார். மண்டி மூடிக் கிடந்தது. அந்தப் பெண் அறை வாசலில் சேலை பிழிந்துகொண்டிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். உங்களால் வரவில்லை, நீங்கள் கொண்டுவரவில்லை, அது அந்த ஊரில் முன்பே இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“என் ரத்தத்துல இருக்கா?” என்றாள்.

அக்கா தயங்கினார். பிறகு, இருக்கிறது என்றார்.

“எனக்கு வந்ததே எனக்குத் தெரியல பாத்தீயளா” என்றாள் அவள். “ஒரு தலைவலிகூட வரல. அன்னைக்கெல்லாம் நான் கதிர் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு.”

அக்கா அவள் பக்கம் ஒரு எட்டு வைத்தார்.

“அவனுக்கு மட்டும் ஏன்க்கா?”

அக்காவிடம் எந்த ஊரிலும் எந்தக் கேள்விக்கும் ஒரு கதை இருக்கும். இதற்கு இல்லை. எத்தனை பேரை எண்ணினாலும் இது தெரியாது தாயி என்று கடைசியில் சொன்னார். அவள் தலையாட்டினாள். அந்தப் பதில்தான் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கையாக இருந்தது போலும், அதற்குப் பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிட்டாள். உள்ளே ஒரு அடுப்பு, ஒரு பாய், கொடியில் ஒரு சின்னச் சட்டை. ஊருக்குத் திரும்புங்களேன் என்று அக்கா கிளம்பும்போது சொல்லிப் பார்த்தார். யாரும் கூப்பிடாத ஊருக்கா என்றாள் அவள்.

பஸ்ஸில் அக்கா பாட்டு முனகவில்லை.

மழைக்காலம் முழுசாக முடிந்த பிறகு அதே வீடுகளில் இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாசி மாதம். பழைய டிரைவர் தேறிவிட்டார், அந்த வாரத்தோடு எனக்குக் கணக்கு முடிகிறது. கரிசலெங்கும் பருத்தி வெடித்துக் கிடந்தது. அக்கா முன்சீட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தை எப்போதோ பிறந்திருந்தது. புளியங்குடிக்கு அவர் நடுவில் ஒரு தடவை போனபோது அந்த அறையில் வேறு யாரோ இருந்தார்களாம். எங்கே போனார்கள் என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. அதை என்னிடம் அவர் அன்றைக்குத்தான் சொன்னார்.

அந்தக் கரிசல் ஊரில் இறங்கித் தெருக்கடைசிக்குப் போனோம். கதவில் பூட்டு தொங்கியது.

அக்கா குடையை மடக்கினார். எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. வேண்டாம்க்கா என்றேன். அவர் கேட்கவில்லை, நிழல் பார்த்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் குத்துக்காலிட்டேன். தரை பெருக்கியிருந்தது. நெருஞ்சியைக் காணவில்லை. அதை அப்போது நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

டீக்கடை அண்ணாச்சி தூக்குச் சட்டியில் டீயோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

“எந்திரிங்க தாயி. அது ஓடிப்போன பூட்டு இல்ல, வேலைக்குப் போன பூட்டு. ரெண்டு பேரும் பருத்தி எடுக்கப் போயிருக்காவ. சாயந்திரம் வந்துருவாவ.”

பிறகு அவர் பெருமையை அவரே சொன்னார். தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, கடையைச் சாத்திவிட்டு, வாயில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். வாழ்நாளில் முதல் தடவை. புளியங்குடியில் இறங்கியபோது பாதி உயிர் போய்விட்டது, ஆனால் மண்டியில் எலுமிச்சை வாசம் பட்டதும் இழுப்பு கொஞ்சம் அமர்ந்ததாம். அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று அக்கா கேட்டார்.

“என்னத்தச் சொல்ல? வீடு சும்மா கெடக்குல்லா, வாங்கன்னேன்.”

அவ்வளவுதான் சொன்னாராம். திரும்பி வந்த அன்றைக்கு அவரே கிணற்றடியில் போய் நின்று, அந்தப் பெண்ணுக்கு வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாராம். இறைத்ததில் இரண்டு நாள் படுத்துவிட்டாராம்.

டாக்டர் மற்ற வீடுகளுக்குப் போனார். அக்கா எழுந்திருக்கவில்லை. சாயந்திரம் வருவாங்கன்னா சாயந்திரம் வரைக்கும் இருந்தாப் போச்சு என்றார். ஒரு பூட்டைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நிம்மதியாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததை அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது அவர்கள் வந்தார்கள். அவள் தலைமுடியெல்லாம் பருத்திப் பஞ்சு. எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தாள். அக்கா குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அக்கா அவள் முழங்கைக்கு மேல் ரப்பர் கயிற்றைக் கட்டினார். உதடு அசைந்தது. அன்றைக்குப் பார்த்து நரம்பு கிடைக்கவில்லை. தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று டாக்டர் தெருமுனையிலிருந்து வண்டியை எடுக்கச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார்.

“மெதுவாப் பாருங்கக்கா” என்றாள் அவள். “நான் இங்கனதானே இருக்கேன்.”